வீட்டிலேயே போர்ட்ரெய்ட் லைட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு முன்னாலும், பிள்ளைகளின் அரங்கேற்றம் நெருங்கும்போதும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையில், கையில் இருக்கும் கேமராவை வைத்துக் குடும்பத்தாரை நன்றாகப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்காக எழுதியது இது.

எல்லாமே ஆன்லைன்ல மலிவா கிடைக்குதே, எதுக்கு நாமளே செய்யணும்?

எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. வெளிச்சம் தரும் பொருளை வாங்குங்கள், அந்த வெளிச்சத்தை வடிவமைக்கும் பொருளைச் செய்யுங்கள். ஃப்ளாஷ், எல்இடி விளக்கு, அடாப்டர், லைட் ஸ்டாண்டு எல்லாம் வாங்க வேண்டியவை. பிரதிபலிக்கும் பலகை, துணி விரித்த சட்டம், கறுப்புத் தடுப்பு, ஒளியைக் குறுக்கும் குழாய் எல்லாம் செய்ய வேண்டியவை.

இரண்டாவது வகையை நாமே செய்வதற்குக் காசு மட்டும் காரணமில்லை. கடையில் விற்கும் சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் முன் மாட்டும் துணிப்பெட்டி) கடைக்காரர் முடிவு செய்த அளவில்தான் வரும். உங்கள் அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இடத்துக்குச் சரியாக ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் வேண்டுமென்றால், அதைச் செய்துகொள்வதுதான் வழி. ஒரு விதிவிலக்கு: விளக்கோடு மாட்டும் வெள்ளைக் குடையை வாங்கிவிடுங்கள். அதன் விலைக்கு நீங்கள் செய்யும் எதுவும் அவ்வளவு எளிதாக மடங்காது.

சரி, முதல்ல எதைச் செய்யட்டும்?

ஃபோம் போர்ட். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஆர்ட் ஃப்ரெண்டிலோ பெரிய புத்தகக் கடைகளிலோ கிடைக்கும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனில், முடிந்த அளவு பெரியதாக, வெள்ளையில் இரண்டும் கறுப்பில் இரண்டும் வாங்குங்கள். இரண்டு வெள்ளைப் பலகைகளை அருகருகே படுக்க வைத்து, நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நீளவாக்கில் துணி டேப் ஒட்டுங்கள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஒட்டுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கம்தான் மடங்கும். கறுப்பு ஜோடியையும் இப்படியே செய்யுங்கள். புத்தகத்தைத் திறந்து நிறுத்தியதுபோல, ஸ்டாண்டு இல்லாமலேயே நிற்கும்.

வெள்ளை ஜோடி நிழல் பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பி விடும். கறுப்பு ஜோடியின் வேலை அதற்கு எதிரானது: சுவரிலிருந்து வரும் தேவையில்லாத வெளிச்சத்தைத் தின்றுவிடும். வெள்ளைச் சுவர் உள்ள சிறிய அறையில் எனக்கு அதிகம் உதவுவது கறுப்புதான். ஆனால் அதை யாரும் முதலில் வாங்குவதில்லை.

ஜன்னல் வெளிச்சமே போதும்னு சொல்றாங்களே? வடக்குப் பார்த்த ஜன்னல்தான் நல்லதாமே?

ஜன்னல் மிக நல்ல விளக்கு. இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ காலை ஏழு மணிக்கு உதித்து மாலை ஏழு மணிக்கு மறைவதால், எந்த ஜன்னலில் எப்போது நல்ல வெளிச்சம் வரும் என்பதை ஒரு வாரம் கவனித்தாலே தெரிந்துவிடும்.

வடக்கு ஜன்னல் விதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில்தான் இருக்கும், அதனால் வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் படாது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தூரத்தில்தான் இருக்கிறது. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், மீதி மாதங்களில் தெற்கே. ஜூன் மாதக் காலையில் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் உள்ளே விழும். அப்போது ஜன்னலில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். நான்கு மணிக்கு மேகம் கறுத்து மழை பிடித்துக்கொண்டால் ஜன்னல் கைவிட்டுவிடும். விளக்கு தேவைப்படுவது அதற்காகத்தான்.

சாஃப்ட் லைட் வேணும்னா துணியை ரெண்டு மடிப்பு, மூணு மடிப்பு போட்டா போதுமா?

போதாது. இது மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நிழல் மென்மையாக விழுவதும் கூர்மையாக விழுவதும், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்திலிருந்து பார்த்தால் ஒளி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. துணியின் தடிமன் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, ஒளியின் அளவைப் பெரிதாக்காது.

அதனால் இரண்டு வழிகள்: சட்டத்தைப் பெரிதாக்கலாம், அல்லது கிட்டே கொண்டுவரலாம். ஒரு மீட்டர் சட்டம் முக்கால் மீட்டரில் இருந்தால் தரும் மென்மை, மூன்று மீட்டரில் கிடைக்காது. இன்னொன்றும் முக்கியம். துணிக்குப் பின்னால் விளக்கை ஒட்டிவைத்தால் நடுவில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம் எரியும். அப்போது உங்கள் விளக்கின் அளவு அந்த வட்டம்தான், சட்டமல்ல. துணி முழுவதும் சமமாக ஒளிரும் வரை விளக்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இடமில்லையென்றால் விளக்கைத் திருப்பி, பின்னால் உள்ள வெள்ளைப் பலகையில் அடித்து, அது துணி வழியாக வருமாறு வையுங்கள்.

சட்டம் எப்படிச் செய்றது? பிவிசி பைப் எந்த அளவு?

ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் பைப் ஐந்து மீட்டர், மூலைக்கு நான்கு எல்போ. 20 மில்லிமீட்டரில் செய்தால் நீளப் பக்கம் துணியின் இழுப்பில் உள்ளே வளையும். அக்கம்பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் வெட்டித் தருகிறவர்களும் உண்டு. வீட்டில் வெட்டினால் ரம்பம் போட்ட ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் துணி அங்கேதான் கிழியும்.

பைப்புக்குப் பசை போடாதீர்கள். அழுத்திச் சொருகினாலே நிற்கும். ஒன்றரை மீட்டர் பக்கங்களை 75 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, நடுவில் நேர் கப்ளிங் போட்டால், பிரித்து ஒரு பையில் அடக்கி எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாம். துணியின் நான்கு மூலையிலும் ஒரு விரல் அகல எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்து, எல்போவில் மாட்டுங்கள். துணி சட்டத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் சிறியதாக இருந்தால்தான் சுருக்கமில்லாமல் விறைப்பாக நிற்கும்.

எந்தத் துணி போடணும்? வீட்டுல இருக்கிற வெள்ளை வேட்டி ஆகாதா?

ஆகும், அருமையாகவே ஆகும். நாலு முழ வேட்டி மேலே சொன்ன சட்டத்தை நன்றாக மூடும், நெசவும் சீராக இருக்கும். கரையை மட்டும் மடித்துத் தைத்துவிடுங்கள். பச்சைக் கரை, சிவப்புக் கரை வெளிச்சத்தில் லேசாகக் கலக்கும்.

கவனிக்க வேண்டியது நீலம். சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி, வெளிச்சத்துக்குக் குளிர்ந்த நிறம் தரும். புதுத் துணியில் வெளுப்புக் காட்டச் சேர்க்கும் ரசாயனமும் அப்படித்தான்: புற ஊதா ஒளி பட்டால் நீலமாக மின்னும். ஃப்ளாஷ் ஒளியில் புற ஊதா கொஞ்சம் உண்டு என்பதால் படத்தில் தெரியும். கள்ள நோட்டுப் பார்க்கும் டார்ச்சை அடித்துப் பாருங்கள், பளிச்சென்று நீலமாகத் தெரிந்தால் அந்தத் துணியைத் தவிர்த்துவிடலாம். வெளுக்காத காடாத் துணி எதிர்ப்பக்கம் போகும், மஞ்சள் சூடு தரும். சாம்பல் அட்டையை (நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்க உதவும் நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) துணியுடன் ஒரு படம், துணியில்லாமல் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். நிறம் எவ்வளவு மாறுகிறது என்று உடனே தெரியும். ஒரே துணியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சரிப்பில் சரிசெய்துவிடலாம். இரண்டு விளக்குக்கு இரண்டு விதத் துணி போட்டால்தான் சிக்கல்.

புதிதாக வாங்குவதென்றால் வெள்ளை ரிப்ஸ்டாப் நைலான் கேளுங்கள், அல்லது தேக்கா மேல்தளத் துணிக்கடைகளிலோ அரபு ஸ்திரீட்டிலோ மெல்லிய வெள்ளைப் பருத்தி. கடையிலேயே துணியைக் கைப்பேசி டார்ச்சின் முன் பிடியுங்கள். டார்ச்சின் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் மிக மெல்லியது.

எல்இடி பல்பு டப்பால 'டேலைட்'னு போட்டிருக்கு, அது போதும்ல?

அது நிறத்தின் சூட்டை மட்டும் சொல்கிறது. வீட்டுப் பல்பில் டேலைட் என்றால் பெரும்பாலும் 6500 கெல்வின். புகைப்பட விளக்குகள் 5600 கெல்வினைச் சுற்றி இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கேமராவில் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது, பல்பில் இல்லவே இல்லாத நிறம்.

அதற்குத்தான் சிஆர்ஐ பார்க்க வேண்டும், அதாவது நிறங்களைப் பல்பு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் எண். 95க்கு மேல் தேடுங்கள். ஆனால் அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி மட்டுமே, ஆழ்ந்த சிவப்பு அந்தக் கணக்கில் வராது. சிவப்புக்குத் தனியாக ஆர்9 என்று ஓர் எண் உண்டு. சிஆர்ஐ 80 என்று போட்ட சாதாரணப் பல்பில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். நம் படங்களில் குங்குமம், அரக்குப் பட்டு, உதடு, மாநிறத் தோலின் அடியிலுள்ள செம்மை எல்லாமே இந்தச் சிவப்பை நம்பித்தான் இருக்கின்றன. ஆர்9 குறைந்த பல்பில் இவையெல்லாம் மண் நிறமாகிவிடும். ஆர்9 எண்ணைப் போடாத விளக்கை நான் முகத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்.

வீடியோலயும் படத்துலயும் கோடு கோடா வருதே?

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி அதைப் பின்பற்றி நொடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் கோடு மறையும். வாங்குவதற்கு முன் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் பல்பைப் படம்பிடித்துப் பாருங்கள், துடித்தால் வேண்டாம்.

எல்இடி ஸ்டிரிப் வாங்கி நானே பேனல் செய்யலாமா?

செய்யலாம், குறைந்த வோல்ட் பக்கம் மட்டும். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் ஸ்டிரிப், அடாப்டர், வயர், சாலிடரிங் சாமான் எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம், அது கணினிச் சாமான்களுக்கு. 12 வோல்ட் ஸ்டிரிப்பைவிட 24 வோல்ட் வாங்குங்கள். அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும், வயர் சூடாவதும் கடைசித் துண்டு மங்குவதும் குறையும்.

கணக்கு இப்படி. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்டிரிப் ஐந்து மீட்டர் என்றால் 72 வாட், 24 வோல்ட்டில் 3 ஆம்பியர். அடாப்டரை முழு மூச்சில் ஓட்டக்கூடாது, 4 ஆம்பியர் வாங்குங்கள். ஸ்டிரிப்பைக் குறியிட்ட இடத்தில் மட்டும் வெட்டி, அரை மீட்டர் நீளத்தில் பத்துத் துண்டுகள். 50க்கு 40 சென்டிமீட்டர் அலுமினியத் தகட்டில் நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை. தகடு அழகுக்கல்ல, சூட்டை வாங்குவதற்கு. அட்டையிலோ பலகையிலோ ஒட்டினால் எல்இடி சீக்கிரம் மங்கிப்போகும், பசையும் விட்டுவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பிளஸ், மைனஸ் கொடுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராக இழுக்காதீர்கள். முன்னால் ஐந்து சென்டிமீட்டராவது தள்ளித் துணி போட்டால் புள்ளிகள் மறையும்.

மலிவான டிம்மர் போட்டால் முந்தைய கேள்வியின் துடிப்பு திரும்ப வரும். ஐந்து வரிசைக்கு ஒன்றாக இரண்டு சுவிட்ச் போடுங்கள். பாதி வெளிச்சம் வேண்டுமா, ஒன்றை அணைத்தால் முடிந்தது. ஒன்றுவிட்ட வரிசைகளாகப் பிரித்தால் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாயாது. இப்படியொரு பேனல் ஒரு மீட்டர் தூரத்தில் ஐஎஸ்ஓ 400 முதல் 800க்குள் எஃப் 4, 1/100 தரும். முகப்படத்துக்குப் போதும்.

அடாப்டர் காசு மிச்சம் பண்ண நேரா பிளக்ல கொடுக்கலாமா? எனக்கு வயரிங் கொஞ்சம் தெரியும்.

வேண்டாம். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். அந்தப் பக்கம் உள்ள எதையும் நாம் செய்யக்கூடாது. சேஃப்டி மார்க் முத்திரை உள்ள, முழுவதும் மூடிய அடாப்டராக வாங்குங்கள். திருகு முனைகள் வெளியே தெரியும் உலோகப் பெட்டி சப்ளை மலிவுதான், ஆனால் பிள்ளைகள் ஓடும் வீட்டில் அதற்கு இடமில்லை. இங்கே வீடுகளில் உள்ள ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே துண்டித்துவிடும் என்பது உண்மை. ஆனால் அது கடைசிக் காவல், அதை நம்பி வேலை செய்யக்கூடாது.

அப்பாவோட பழைய ஃப்ளாஷ் இருக்கு. பிரிச்சு வேற பெட்டிக்குள்ள மாத்தலாமா?

பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் ஏறத்தாழ 300 வோல்ட்டைத் தேக்கிவைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது நெடுநேரம் இறங்காது. ஆர்சிசிபி இதற்கு உதவாது, ஏனென்றால் இது சுவர் மின்சாரமே இல்லை. தூக்கி எறியும் கேமராக்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பிரிக்காமல் பயன்படுத்தலாம். ஆனால் நேராகக் கேமராவில் மாட்டாதீர்கள். சில பழைய ஃப்ளாஷ்களின் ட்ரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அது கேமராவின் சர்க்யூட்டைக் கெடுத்துவிடலாம். மல்டிமீட்டரில் அளந்துவிட்டு, ரேடியோ ட்ரிக்கர் (கம்பியில்லாமல் ஃப்ளாஷை இயக்கும் கருவி) எவ்வளவு தாங்கும் என்று அதன் கையேட்டில் பார்த்து, அதன் வழியாக இயக்குங்கள்.

நம்ம தோல் கறுப்புதானே, எவ்வளவு லைட் கூட்டணும்?

கூட்ட வேண்டாம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் நம் முகங்களைச் சாம்பல் பூசியதுபோலக் காட்டும் படங்கள் இங்கிருந்துதான் வருகின்றன. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். கருத்த முகம் படத்தை நிறைத்தால், அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தை ஏற்றிவிடும்: தோல் வெளிறி, ஆழம் போய்விடும். அதே ஆள் வெள்ளைச் சட்டையில் நின்றால் எதிர்மாறாக முகம் இருண்டுவிடும். முகத்தை நம்பி அளக்காதீர்கள். முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் சாம்பல் அட்டையைப் பிடித்து அளந்து, மேனுவலில் வைத்துவிடுங்கள். தோல் எந்த நிறமோ அந்த நிறத்திலேயே வரும்.

அடுத்தது, கருத்த தோலுக்கு உருவம் கொடுப்பது அதன் மினுமினுப்பு. கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நெற்றி ஓரத்திலும் ஒளி பளபளப்பாகப் பிரதிபலிக்கும் இடங்கள்தான் முகத்தை எழுப்பிக் காட்டுகின்றன. சின்ன விளக்கு அதை வியர்வைப் புள்ளியாகக் காட்டும், பெரிய சட்டம் அகலமான மெல்லிய ஒளியாகக் காட்டும். பவுடர் போட்டு அதை முழுக்க அடக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. வேட்டிச் சட்டத்தை முகத்துக்குப் பக்கவாட்டில், சற்று முன்னால், முடிந்த அளவு கிட்டே வையுங்கள். மறுபக்கம் கறுப்புப் பலகை. ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தி, கன்னத்தில் அந்த ஒளி எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்.

அரங்கேற்றப் படத்துல நகையெல்லாம் வெள்ளையா எரிஞ்சுபோகுது. லைட்டைத் தள்ளி வெச்சும் சரியாகல.

தள்ளி வைத்ததுதான் காரணம். கோயில் நகை, நெத்திச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் விளக்கின் பிம்பத்தைக் காட்டுகின்றன. விளக்கைத் தள்ளினால் பிம்பம் சிறியதாகுமே தவிர, அதன் பிரகாசம் குறையாது. முகத்தில் விழும் ஒளியோ தூரம் இரட்டிப்பானால் நான்கில் ஒன்றாகும். முகத்துக்காக எக்ஸ்போஷரை ஏற்றுகிறீர்கள், நகை இன்னும் எரிகிறது.

எனவே பெரிய சட்டத்தைக் கிட்டே கொண்டுவாருங்கள். அதே வெளிச்சம் பெரிய பரப்பில் பரவுவதால் பிம்பத்தின் பிரகாசம் குறையும், தங்கம் பொன்னிறமாகவே தெரியும். பளபளப்பான வளைவு சுற்றியுள்ள எல்லாவற்றையும் காட்டும் என்பதால், மறுபக்கம் வெள்ளைப் பலகையை வைத்தால் நகையின் இருண்ட பாகமும் நிரம்பும். கறுப்புப் பலகையை வைத்தால் வேலைப்பாட்டின் ஓரங்கள் எடுப்பாகத் தெரியும். பட்டின் ஜரிகைக்கும் இதே வழிதான்.

தாத்தா மூக்குக்கண்ணாடியில லைட் தெரியுது, கழற்றவும் மாட்டேங்கிறாரு.

கழற்றச் சொல்லாதீர்கள், அவர் முகம் அதுதான். இங்கே பிம்பத்தைப் பெரிதாக்குவது உதவாது, விலக்க வேண்டும். சட்டத்தை உயர்த்திப் பக்கவாட்டில் தள்ளுங்கள், அல்லது கண்ணாடியின் காதுப் பக்கத்தை ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி லேசாகக் கீழே சாய்ந்தால் பிம்பமும் கீழே போய்விடும்.

ரூம் சின்னது. பின்னாடி வெள்ளைச் சுவர் எப்பவும் பளிச்சுன்னு வருது, கறுப்புத் துணி மாட்டணுமா?

மாட்டாமலே இருட்டாக்கலாம். முன்பு சொன்ன தூரக் கணக்குதான். விளக்கு முகத்திலிருந்து 70 சென்டிமீட்டரிலும் சுவர் விளக்கிலிருந்து 2.1 மீட்டரிலும் இருந்தால், சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவர் அடர்ந்த சாம்பலாகிவிடும். ஆளைச் சுவரிலிருந்து விலக்குங்கள், விளக்கை ஆளுக்கு நெருக்குங்கள். பச்சை, ஆரஞ்சு பூசிய அறையில் மட்டும் சுவரின் நிறம் முகத்தில் படியும். அங்கே பக்கத்துக்கு ஒரு கறுப்புப் பலகை வேண்டும்.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்கு இந்தச் சட்டத்தைக் கொண்டுபோகலாமா?

கடற்காற்றில் அது பாய்மரம்தான். ஒரு ஆள் கையில் பிடித்துக்கொள்ளாமல் நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டில் மாட்டுவதென்றால் ஐந்து கிலோ அரிசிப் பையைக் காலுக்கு மேல் தொங்கவிடுங்கள், பை தரையை லேசாகத் தொடும்படி. பிள்ளைகள் ஓடும் இடமென்றால் ஃபோம் போர்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளோக்கின் கீழ்த்தளம் இதைவிட நல்லது: மேலே கூரை, ஒரு பக்கம் திறந்த வெளிச்சம், காற்றும் குறைவு. வீட்டு வாசலில் எடுத்தால் தாழ்வாரத்தில் ஆட்கள் நடக்கும் வழியை அடைக்காதீர்கள்.

ஆறு மாசத்துல ஃபோம் போர்ட் வளைஞ்சு, துணியில புள்ளி புள்ளியா வந்துடுச்சு. என்ன பண்றது?

நம் ஊர் ஈரப்பதம் அப்படி. பலகையைச் சாய்த்து வைத்தால் வளையும், கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். வளைந்ததை மறுபக்கம் திருப்பி மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் ஓரளவு நிமிரும். துணியில் தெரியும் புள்ளி பூஞ்சை. படமெடுத்த அன்றே மடிக்காமல் ஒரு நாள் காற்றில் உலர்த்தி, பிறகு சுருட்டி வைத்தால் வராது. எல்இடி பேனலை ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள். ஃப்ளாஷிலிருந்து பேட்டரியை எப்போதும் கழற்றிவிடுங்கள். தீர்ந்துபோன பேட்டரி, எரிந்துபோன பல்பு இரண்டையும் வீட்டுக் குப்பையில் போடாமல் கடைத்தொகுதிகளில் அவற்றை ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.